இனிஷியலில் சிக்கும் அடையாளம்: செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

"பெயர் பொருந்தவில்லை" என்று ஒரு விண்ணப்பம் திரும்பி வந்தால், காரைக்குடிப் பக்கம் முதலில் எழும் கேள்வி "என்னை யாருன்னு தெரியாதா?" என்பதுதான். தெரு முழுக்கத் தெரியும். எந்த ஊர், எந்தக் கோயில், எந்த வீட்டுப் பிள்ளை என்று சொன்னால் எதிரே இருப்பவர் தாத்தா பெயர் வரை சொல்லிவிடுவார். கணினிக்கு அந்த வழி தெரியாது. எழுத்தை எழுத்தோடு ஒட்டிப் பார்க்கும். ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் வேறு ஆள் என்று சொல்லிவிடும். ஆதார், பான், பாஸ்போர்ட், பத்திரம் என்று எதை எடுத்தாலும் இந்தப் பகுதிக் குடும்பங்கள் படும் சிரமத்தில் பெரும்பகுதி இந்த எழுத்துக் கணக்கில்தான் இருக்கிறது. கைரேகைக் கருவி, இணையம், சர்வர் எல்லாம் அதற்குப் பிறகு.

அட்டை இல்லாமலே அடையாளம் காட்டிய ஊர் இது. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரிடம் கல்யாணம் ஆன தம்பதி ஒரு 'புள்ளி'. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி முதலான 9 கோயில்களில் தங்கள் கோயிலில் அந்தப் புள்ளி பதிவாகும். கோயிலிலிருந்து மாலை வரும். இசைகுடிமானம் என்னும் கல்யாண ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தாகும். யாரும் சட்டைப்பையில் எதையும் வைத்துக்கொண்டு திரியவில்லை. சந்தேகம் வந்தால் கோயில் ஏட்டைப் பார்த்தார்கள். இன்றைய டிஜிட்டல் ஆவணமும் இதே முறையில்தான் நிற்கிறது. கையில் இருக்கும் அட்டை வெறும் சுட்டி. உண்மையான பதிவு வழங்கிய துறையின் ஏட்டில் இருக்கிறது. அட்டையில் இருப்பதும் ஏட்டில் இருப்பதும் ஒன்றா, ஒரு துறையின் ஏட்டில் உள்ள பெயரும் இன்னொரு துறையின் ஏட்டில் உள்ள பெயரும் ஒன்றா என்பதைத்தான் ஒவ்வொரு கவுண்டரிலும் பார்க்கிறார்கள்.

விலாசமும் கணினிப் பெட்டியும்

செட்டிநாட்டில் விலாசம் என்றால் முகவரி மட்டுமில்லை. தொழிலுக்கும் குடும்பத்துக்கும் முன்னால் நிற்கும் எழுத்துக் கோவையும் விலாசம்தான். அழகப்பன் மகன் சுப்பிரமணியன், அவர் மகன் மெய்யப்பன் என்று வைத்துக்கொள்வோம். அவர் எழுதுவது 'அழ.சுப.மெய்யப்பன்'. ஆங்கிலத்தில் அது 'ஏ.எல்.எஸ்.பி. மெய்யப்பன்' ஆகிறது. இங்கேதான் முதல் கோளாறு. 'அழ' என்ற ஒரே தமிழ்ச் சுருக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஏ, எல் என்று இரண்டு எழுத்து. 'ராம' என்பதற்கு ஆர், எம். 'சித' என்பதற்கு சி, டி. நமக்கு இது ஒரு பெயர். படிவம் நிரப்புகிற வெளியூர் ஆளுக்கு இது இரண்டு இனிஷியல். "ஆர் என்றால் ராமநாதன், எம் என்றால் என்ன?" என்று கேட்டு, பதில் கிடைக்காமல் ஒன்றை விட்டுவிடுவார், அல்லது எதையாவது இட்டு நிரப்புவார். நான்கு ஆங்கில எழுத்துக் கொண்ட விலாசம் நான்கு அட்டைகளில் நான்கு விதமாக வந்து நிற்பது இப்படித்தான்.

அடுத்தது, பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கம். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளில் மூன்று அழகப்பன் இருப்பது சாதாரணம். மூன்று பேருக்கும் பூர்வீக வீட்டு முகவரி ஒன்றே. தகப்பனார் பெயரும் பிறந்த தேதியும்தான் அவர்களைப் பிரித்துக் காட்டும். தகப்பனார் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, அந்த எழுத்தும் சுப்பையா, சொக்கலிங்கம், சோமசுந்தரம் எல்லாவற்றுக்கும் 'எஸ்' ஆகவே இருந்தால், பிரிக்க மிஞ்சுவது தேதி மட்டும்தான். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதால் பிள்ளைக்குக் கூப்பிடு பெயர் ஒன்று தனியாக வந்துவிடும். ராஜா, ஐயா, தம்பி என்று வீட்டில் அழைத்த பெயரே பள்ளிக்கூடத்தில் ஏறி, மதிப்பெண் பட்டியல் வரை போன குடும்பங்களும் உண்டு.

இன்னொன்று பழைய பத்திரங்களில் வரும் 'செட்டியார்', 'ஆச்சி' ஒட்டு. பத்திரத்தில் 'மீனாட்சி ஆச்சி', ஆதாரில் 'மீனாள்', வங்கியில் 'மீனாட்சி சுப்பையா' என்று ஒருவரே மூவராக நிற்பார். ஆங்கில எழுத்துக்கூட்டல் தனிக்கதை. அழகப்பனின் 'ழ'வுக்குச் சிலர் எல் போடுவார்கள், சிலர் இசட் எச். மெய்யப்பனுக்கு ஒரு ஒய்யா, இரண்டு ஒய்யா? லட்சுமணனா, லெட்சுமணனா? தமிழில் சின்ன வித்தியாசம். ஆங்கிலக் கட்டத்தில் தனி ஆள்.

எந்தத் துறை பெயரை எப்படிக் கேட்கிறது

ஒவ்வொரு துறைக்கும் பெயர் பற்றி ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கை குடும்பப் பெயர் உள்ள சமூகங்களை மனத்தில் வைத்து உருவானது. பாஸ்போர்ட்டில் இரண்டு பெட்டி: சொந்தப் பெயர், குடும்பப் பெயர். இனிஷியல் ஏற்க மாட்டார்கள். விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர்ப் பெட்டியைக் காலியாக விடலாம் என்பதால் நம்மவர்கள் பலர் காலியாகவே விட்டார்கள். அதன் விளைவு 2022 நவம்பரில் தெரிந்தது. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா, பார்வையாளர் விசாவுக்கு அனுமதியில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. தகப்பனார் பெயர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தால் ஏற்போம் என்று பிறகு தளர்த்தினார்கள். இனி புதிதாக எடுப்பவர்கள் சொந்தப் பெயர்ப் பெட்டியில் மெய்யப்பன், குடும்பப் பெயர்ப் பெட்டியில் தகப்பனார் பெயர் சுப்பிரமணியன் என்று எழுதிவிடுவதே நல்லது.

பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயர்ப் பெட்டி கட்டாயம். ஒற்றை எழுத்தை அது ஏற்காது. பான் எண்ணின் 10 எழுத்துகளில் 4-ஆவது எழுத்து தனிநபருக்கு 'பி'. 5-ஆவது எழுத்து கடைசிப் பெயரின் முதல் எழுத்து. கையில் உள்ள அட்டையை எடுத்துப் பார்த்தால் தெரியும்: 5-ஆவது எழுத்து தகப்பனார் பெயரின் முதல் எழுத்தாக இருந்தால், விண்ணப்பித்தபோது தகப்பனார் பெயரைக் கடைசிப் பெயராகக் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் சொந்தப் பெயரின் எழுத்தாக இருந்தால் ஒற்றைப் பெயராகவோ வரிசை மாற்றியோ கொடுத்திருக்கிறீர்கள். வருமான வரித்துறை ஏட்டில் உங்கள் பெயர் எந்த வரிசையில் கிடக்கிறது என்பதை அறிய இதைவிட எளிய வழியில்லை.

ஆதாரில் பெயருக்கு ஒரே பெட்டிதான். அதனால் எதையும் எழுதலாம். அதனாலேயே எதையும் எழுதிவிட்டார்கள். ஆதார் அடிப்படையில் ஆவணமில்லாமல் பான் எடுத்தால் ஆதாரில் உள்ள பெயர் அப்படியே பானுக்குப் போகும். 2025 ஜூலை 1 முதல் புதிய பானுக்கு ஆதார் கட்டாயம். ஆகவே ஆதாரைத் திருத்தாமல் பானுக்குப் போனால் பிழையும் சேர்ந்தே போகும்.

கடல் கடந்த கிளைகளில் இன்னும் இரண்டு உருவம் உண்டு. மலேசியக் குடிமகனான பங்காளியின் மைகாட் என்ற தேசிய அடையாள அட்டையில் 'மெய்யப்பன் ஏ/எல் சுப்பிரமணியன்' என்றிருக்கும். 'இன்னாரின் மகன்' என்பதன் மலாய்ச் சுருக்கம் அது. சிங்கப்பூரில் 'எஸ்/ஓ' என்று வரும். தேவகோட்டையில் விலாசம், கோலாலம்பூரில் ஏ/எல், சிங்கப்பூரில் எஸ்/ஓ. ஒரே வீட்டுப் பங்கை மூன்று பேரும் சேர்ந்து விற்கும்போது பத்திர எழுத்தர் தலையில் கைவைப்பது இதனால்தான்.

திருத்தும் வரிசை

திருத்தத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு முடிவு வேண்டும்: எந்த ஆவணத்தை அடிப்படையாக வைப்பது? வெளிநாட்டில் வேலையோ வதிவிட உரிமையோ இருந்தால், எங்கள் பரிந்துரை பாஸ்போர்ட். விசா, வேலை அனுமதி, அங்குள்ள வங்கி எல்லாம் அந்த எழுத்தில் கட்டுண்டு கிடக்கும்; அதைத் தொட்டால் இரண்டு நாட்டில் வேலை வரும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஆதாரை மாற்றிக்கொள்ள வேண்டும். உள்ளூரிலேயே இருப்பவருக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அடிப்படை. மாற்றுவதற்கு மிகக் கடினமான காகிதம் அதுதான், ஆகவே மற்றவை அதை நோக்கி வரட்டும். பிறகு ஆதார், அதன் பின் பான், அதன் பின் வங்கி, வாக்காளர் பட்டியல், குடும்ப அட்டை.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் சாதாரண முறையில் மாற்றலாம். பிறந்த தேதி ஒரு முறை. முகவரிக்கு வரம்பில்லை. இன்று எழுத்துப்பிழை, அடுத்த ஆண்டு இனிஷியல் விரிவு என்று தவணை முறையில் போனால் இரண்டு வாய்ப்பும் தீர்ந்துவிடும்; மூன்றாவது திருத்தத்துக்கு அரசிதழ் அறிவிப்பு வரை போக வேண்டும். எழுத்துக்கூட்டல், வரிசை, தகப்பனார் பெயர் விரிவு மூன்றையும் ஒரே விண்ணப்பத்தில் முடியுங்கள். பெயர் திருத்தியதற்கு ஆதாரமாகக் கொடுக்கும் காகிதத்தில் நீங்கள் கேட்கும் பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். 'ஏறக்குறைய' இருந்தால் நிராகரிப்பார்கள், கட்டணம் திரும்பாது.

ஆதார் மையத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஆங்கிலப் பெயரை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டாதீர்கள். தமிழ்ப் பெயர் ஆங்கிலத்திலிருந்து தானாக உருவாகும். 'மெய்யப்பன்' 'மேயப்பன்' ஆவதும், 'வள்ளியம்மை' 'வல்லியம்மாய்' ஆவதும் அங்கேதான். எதிரே இருக்கும் இரண்டாவது திரையில் தமிழ் வரியைப் படித்துப் பார்த்துச் சரி செய்யச் சொல்லலாம். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஒப்புகைச் சீட்டில் 14 இலக்கப் பதிவு எண்ணும் நாள், நேரமும் இருக்கும். நிலை அறிய இரண்டும் சேர்ந்தே வேண்டும். சீட்டைக் கையோடு படம் எடுத்து வையுங்கள். அந்த மை சீக்கிரம் மங்கும்.

கல்யாணமான பெண்கள் இனிஷியலை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பான் அட்டை கேட்பது எப்போதும் தகப்பனார் அல்லது தாயார் பெயரைத்தான். ஆதாரில் கணவர் பெயர் 'கேர் ஆஃப்' (சி/ஓ) என்ற இடத்தில் முகவரியின் பகுதியாகத்தான் அச்சாகிறது. அது உறவுக்குச் சான்று ஆகாது. எல்லா ஆவணத்தையும் மாற்றும் உத்தேசம் இல்லையென்றால் பிறந்த வீட்டு இனிஷியலோடு இருப்பதே பாதுகாப்பு. புகுந்த வீட்டு முகவரி மட்டும் வேண்டுமென்றால் குடும்பத் தலைவர் ஒப்புதல் வழியாக இணையத்திலேயே மாற்றலாம். மாமனாரோ கணவரோ தன் மொபைலுக்கு வரும் கோரிக்கையை 30 நாளுக்குள் ஏற்க வேண்டும். அவர் அந்த எஸ்.எம்.எஸ்.ஸைப் பார்க்காமல் விட்டால் கோரிக்கை தானாக முடிந்துபோகும்.

பார்த்திப வருஷம், தை மாதம்

80 வயதை நெருங்குபவர்களின் பிறந்த தேதி பெரும்பாலும் ஜாதகக் குறிப்பில்தான் இருக்கிறது. அதை ஆங்கிலத் தேதியாக்கும்போது ஒரு பிழை திரும்பத் திரும்ப வருகிறது. பார்த்திப வருஷம் என்றதும் 1945 என்று எழுதிவிடுகிறார்கள். பார்த்திப வருஷம் 1945 சித்திரையில் பிறந்து 1946 பங்குனியில் முடிகிறது. தை 12 என்று குறிப்பில் இருந்தால் அது 1946 ஜனவரி கடைசி. மார்கழியின் பின்பாதி, தை, மாசி, பங்குனி எல்லாமே அடுத்த ஆங்கில ஆண்டு. பள்ளிக்கூடத்தில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று ஓராண்டு பிசகுவது பெரும்பாலும் இதனால். ஓய்வூதியம், முதியோர் காப்பீடு இரண்டிலும் அந்த ஓராண்டு வந்து குறுக்கே நிற்கும்.

ஆதாரில் அச்சான தேதியைப் பிறந்த தேதிக்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது என்று ஆதார் ஆணையமே 2023 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஆதாரை விட்டுப் பள்ளிச் சான்றிதழின் தேதியையே எடுத்துக்கொண்டது. ஆதார் குடியுரிமைக்கும் சான்று ஆகாது. அது சொல்வது ஒன்றுதான்: இந்த உடம்பும் இந்த எண்ணும் ஒன்று. 2023 அக்டோபர் 1-ஆம் தேதியோ அதன் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பெயர் வைக்கும் முன்பே சான்றிதழ் வாங்கிவிட்டுப் பெயர் சேர்க்க மறந்த குடும்பங்கள் உடனே போய்ச் சேர்த்துவிடுவது நல்லது. சேர்க்கும்போதே தகப்பனார் பெயரை விரித்து எழுதிவிடுங்கள். அந்தப் பிள்ளைக்கு மேலே சொன்ன சிக்கல் எதுவும் வராது.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். சிவகங்கை மாவட்டம் உருவானது 1985-இல். அதற்கு முன் காரைக்குடியில் பிறந்தவரின் சான்றிதழில் ராமநாதபுரம் மாவட்டம் என்றிருக்கும். அதன் பிறகு சில ஆண்டுகள் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம். இது பிழையில்லை, திருத்தப் போக வேண்டாம். முகவரியில் வேறு வகைச் சிக்கல். செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கின்றன. மின் இணைப்பு ஒரு தெருப் பெயரில், சொத்துவரி இன்னொரு தெருப் பெயரில் இருப்பதைப் பார்க்கலாம். 2024-இல் காரைக்குடி மாநகராட்சியானதும் சுற்றுப்புற முகவரிகளில் உள்ளாட்சியின் பெயரும் மாறுகிறது. சொத்துவரி ரசீதில் எந்தத் தெரு இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் எழுதுவது என்று குடும்பமாக ஒரு முடிவெடுத்துவிட்டால் போதும்.

போனில் இருப்பதெல்லாம் ஆவணம் ஆகாது

விடியற்காலைப் பல்லவன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் பரிசோதகர் அடையாளம் கேட்டதும், வாட்ஸ்அப்பில் மகன் அனுப்பிய ஆதார் படத்தைக் காட்டுகிறார்கள். அவர் மறுத்தால் கோபம் வருகிறது. மறுப்பது சரியே. ஒரு படத்தை யாரும் திருத்தலாம். அதற்குப் பின்னால் ஏடு இல்லை.

அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமாக 2015 ஜூலையில் தொடங்கிய டிஜிலாக்கரில் இரண்டு அறை உண்டு. 'இஷ்யூட்' என்ற அறையில் இருப்பது, துறையின் ஏட்டிலிருந்து அந்தத் துறையே எடுத்துக் கொடுத்தது. 'டிரைவ்' (முன்பு 'அப்லோடட்') என்ற அறையில் இருப்பது நீங்கள் ஸ்கேன் செய்து போட்டது. 2017 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு முதல் அறையில் உள்ள ஆவணம் அசலுக்குச் சமம். இரண்டாவது அறையில் உள்ளதற்கு அந்த மதிப்பில்லை. உங்கள் அலமாரியில் இருக்கும் ஜெராக்ஸ்தான் அது. ரயிலில் ஆதாரும் ஓட்டுநர் உரிமமும் முதல் அறையிலிருந்து காட்டினால் செல்லும். வண்டி ஓட்டும்போது உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு மூன்றையும் மின்னணு வடிவில் காட்டலாம் என்று 2018 நவம்பரிலேயே மோட்டார் வாகன விதி திருத்தப்பட்டது.

ஓட்டுநர் உரிமத்தை டிஜிலாக்கருக்குள் இழுக்க முயன்றால் 'பெயர் பொருந்தவில்லை' என்று வருகிறதா? மறுபடி விலாசத்துக்கே வந்துவிட்டோம். பழைய உரிமத்தில் இனிஷியலோடு பெயர், ஆதாரில் விரித்த பெயர், டிஜிலாக்கர் ஏற்காது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஏட்டில் பெயரைத் திருத்திய பிறகே அது உள்ளே வரும்.

இ-ஆதார் பி.டி.எஃப். கோப்பும் அசலுக்குச் சமமே. கடவுச்சொல், பெயரின் முதல் 4 எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், தொடர்ந்து பிறந்த ஆண்டு. இனிஷியல் முன்னால் இருந்தால் அதன் பின்னுள்ள புள்ளியும் ஒரு எழுத்தாகக் கணக்கு; பலர் திறக்க முடியாமல் திணறுவது இதனால். சில அலுவலகங்களில் கையொப்பம் இருக்கும் இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி இருப்பதைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். கோப்பு போலி என்று அதற்குப் பொருளில்லை. அந்தக் கணினி கையொப்பத்தைச் சரிபார்க்கவில்லை என்றுதான் பொருள். அடோபி ரீடரில் திறந்து, கேள்விக்குறி மேல் வலது பக்க கிளிக், கையொப்ப விவரம், சான்றிதழைக் காட்டு, நம்பகப் பட்டியலில் சேர் என்று போனால் பச்சை நிற டிக் வரும். அதன் பிறகு அச்சிடுங்கள். அச்சில் உள்ள கியூ.ஆர். கட்டத்தை ஆதார் ஆணையத்தின் செயலியால் ஸ்கேன் செய்தால் பெயரும் படமும் இணையம் இல்லாமலே தெரியும். அச்சில் யாராவது பெயரை மாற்றியிருந்தால் இங்கே பிடிபடும். 12 இலக்க எண்ணின் கடைசி இலக்கமும் ஒரு காவல்தான். மற்ற 11 இலக்கத்திலிருந்து கணக்கிட்டு வருவது அது. ஓர் இலக்கம் தவறினாலோ பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலோ கணக்கு உதைக்கும்.

விரல் பதியாதபோது

ஆத்தங்குடிக் கல் என்ற தரை ஓடு செய்பவர்களின் விரல்களைக் கிட்டத்தில் பார்த்தால் ரேகை இருக்கும் இடம் வழவழவென்று தேய்ந்திருக்கும். கண்ணாடித் தகட்டின் மேல் சாயக் கலவையை ஊற்றி, சிமென்ட்டும் மணலும் தூவி, ஈரக் கலவையை அழுத்தி, கல்லைத் தண்ணீரில் போட்டு எடுக்கும் வேலை. ஈரச் சிமென்ட் கடுமையான காரத்தன்மை உள்ளது. தோலின் மேட்டை அரித்துவிடும். நாள் முழுக்கப் பாத்திரம் துலக்குபவர்கள், சமையல் வேலைக்குப் போகும் பெண்கள், முதியவர்கள் எல்லோருக்கும் இதே நிலை. ரேஷன் கடைக் கருவி 'பொருந்தவில்லை' என்று சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்பது போலப் பின்னால் நிற்பவர்கள் பார்ப்பது மிகவும் தவறு.

செய்யக்கூடியவை உண்டு. வேலை முடிந்த கையோடு போகாமல் காலையில் போவது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வறண்டிருந்தால் துளி தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு வைப்பது. ஆள்காட்டி விரல் பதியவில்லையென்றால் மோதிர விரலை வைத்துப் பார்ப்பது. உழைக்கும் கையில் மோதிர விரல்தான் குறைவாகத் தேயும். எந்த விரலும் எடுக்கவில்லையென்றால் ஆதார் மையத்தில் கைரேகையைப் புதிதாகப் பதியலாம். கருவிழிப் பதிவு கேட்கலாம். கண்புரை அறுவை செய்தவர்களுக்கு அதுவும் சில சமயம் தவறும். கடைக்கே வர முடியாத முதியவருக்குப் பதிலாக இன்னொருவரை நியமிக்கும் படிவம் ரேஷனில் இருக்கிறது.

மத்திய அரசு ஓய்வூதியர்களின் வாழ்வுச் சான்றுக்கு 2021 நவம்பர் முதல் முகப் பதிவு வந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் ஜீவன் பிரமாண் செயலியும் ஆதார் முகப் பதிவுச் செயலியும் இரண்டுமே வேண்டும். பழைய வீடுகளின் பட்டாலையும் அறைகளும் இருட்டு. அங்கே உட்காரவைத்தால் செயலி கண் சிமிட்டலைப் பிடிக்காது. வளவில் (நடு முற்றத்தில்) வானம் தெரியும் பக்கம் முகத்தைத் திருப்பி, முதுகு தூண் பக்கம் இருக்கும்படி உட்காரவையுங்கள். வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துப் பதிவு தவறும். 80 வயது ஆனவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம், மற்றவர்களுக்கு நவம்பர்.

கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் ஆதாரில் உண்டு. ரேகையைப் பிரதி எடுத்துச் சிறு வங்கிக் கருவிகளில் பணம் உருவும் மோசடியிலிருந்து அது காக்கும். வெளியூரில் இருக்கும் பிள்ளை அப்பச்சியின் (தகப்பனாரின்) ரேகையைப் பூட்டிவிட்டுச் சொல்லாமல் போனால், கடையில் விரல் பதியாது. விரல் தேய்ந்துவிட்டது என்று இவர்கள் வைத்தியம் தேடுவார்கள். பூட்டினால் வீட்டில் சொல்லிவிட்டுப் பூட்டுங்கள்.

சிம் யார் பெயரில்?

மேலே சொன்ன எல்லா வேலைக்கும் சாவி ஓ.டி.பி. வரும் மொபைல் எண். வயதானவர்களின் ஆதாரில் மகனின் எண் இருக்கும். மகன் சிங்கப்பூர் போய், இந்திய சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்து, அந்த எண் வேறு யாருக்கோ போய்விட்டிருக்கும். அப்போது ஓ.டி.பி. அந்நியருக்குப் போகிறது. எண்ணை மாற்ற எந்தக் காகிதமும் தேவையில்லை. உரியவர் மையத்துக்கு நேரில் வந்து ரேகை வைத்தால் போதும். தங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். ஒருவருக்கு அதிகபட்சம் 9. தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் கொடுத்து முடக்கலாம்.

அந்தத் தெரியாத சிம் எங்கிருந்து வந்திருக்கும்? பெரும்பாலும் எங்கோ கொடுத்துவிட்டு மறந்த ஜெராக்ஸிலிருந்து. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் தங்கும் விடுதிகளாக மாறிய வீடுகளில் விருந்தினர் ஆதாரை வாங்கிப் படம் எடுத்து வைக்கிறார்கள். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரே அதற்குப் போதும்; விடுதி நடத்துபவர்கள் அதையே கேட்டு வாங்கினால் தங்களுக்கும் பொறுப்பு குறையும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் தளத்தில் விவரம் பதிய வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. முழு எண்ணோடு நகல் கொடுத்தே தீர வேண்டிய இடத்தில், எழுத்தின் மேல் குறுக்காக 'இன்ன வேலைக்கு மட்டும்' என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அச்சானதும் அந்தக் கணினியிலிருந்து அழிக்கச் சொல்லி, அழிப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பத்திரத்தில் 'என்ற'

பங்காளிகள் சேர்ந்து பூர்வீக வீட்டில் கையெழுத்திடும் நாளில்தான் இத்தனை வருஷத்துப் பிழையும் ஒன்றாகச் சேர்ந்து வரும். 2018 பிப்ரவரியில் பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 மென்பொருள் வந்ததிலிருந்து பத்திரப் பதிவு முழுக்கக் கணினி வழியே நடக்கிறது. சார்பதிவாளர் ஒவ்வொரு தரப்பினரின் அடையாளத்திலும் திருப்தி அடைய வேண்டும் என்பது பதிவுச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு. தாய்ப் பத்திரத்தில் 'அழ.சுப.' விலாசம், ஆளின் கையில் 'மெய்யப்பன் சுப்பிரமணியன்'. இதற்குப் பத்திர எழுத்தர்கள் பழக்கத்தில் வைத்திருக்கும் ஒரு சொல் போதும்: 'அழ.சுப.மெய்யப்பன் என்ற மெய்யப்பன் சுப்பிரமணியன்'. அந்த 'என்ற' இரண்டு ஏட்டையும் கட்டிவிடுகிறது. இன்று எழுதும் பத்திரத்தில் அதைச் சேர்த்தால் அடுத்த தலைமுறைக்குத் தனியாக உறுதிமொழிப் பத்திரம் தேவைப்படாது. வெளிநாட்டில் இருப்பவர் தூதரகத்தில் எழுதி அனுப்பும் பவர் பத்திரத்திலும் இதே வரி வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். தபால் உறையைத் தேதி முத்திரையோடு வைத்திருங்கள், வந்த நாளுக்கு அதுதான் சாட்சி.

வாரிசுச் சான்றிதழ் இ-சேவை வழியாக விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்துத் தாசில்தாரிடம் போகிறது. ஒவ்வொரு வாரிசின் பெயரும் அவரவர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று கையெழுத்தாகும் முன் பாருங்கள். அதற்கும் முன்னால் ஒரு காகிதம் இருக்கிறது: இறப்புச் சான்றிதழ். 21 நாளுக்குள் பதிய வேண்டும். துக்க வீட்டில் பெயர் சொல்லப் போகிறவர் பெரும்பாலும் தூரத்து உறவினர் அல்லது வீட்டில் வேலை பார்ப்பவர். அவர் சொல்வது 'பெரிய ஐயா' என்று தெரு அழைத்த பெயராகக்கூட இருக்கும். போகிறவர் கையில் இறந்தவரின் ஆதார் நகலையும் சொத்துப் பத்திரத்தின் முதல் பக்கத்தையும் கொடுத்தனுப்புங்கள். பத்திரத்தில் விலாசத்தோடு இருந்தால் 'என்ற' சேர்த்து இரண்டு பெயரையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஏற்க மறுத்தால் ஆதாரில் உள்ள பெயரையே எழுதச் சொல்லுங்கள். விலாசத்துக்கான இணைப்பை வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பத்தில் காட்டிக்கொள்ளலாம்.